சி.ஐ.டி. நகர் முதல் டைடல் பார்க் வரை

சென்னையில் சைதாப்பேட்டையை அடுத்து சி.ஐ.டி. நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது.

வெளியூரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இந்தப் பெயரைப் படித்ததும் திகைப்பது உண்டு. "ரகசியப் போலீசார் குடியிருக்கும் இடமோ?" என்று கேட்பார்கள்.

போலீசுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை!

"சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்" என்பதன் சுருக்கம்தான் சி.ஐ.டி. நகரைச் சீர்படுத்தி, மனை பிரித்து, வீடு கட்டிக் கொடுப்பதற்காக அமைந்த நிறுவனம் அது. 1961-ல் வீட்டு வசதி வாரியம் பிறந்தது. டிரஸ்ட்டின் வேலை வாரியத்தின் கைக்குப் போயிற்று. டிரஸ்ட் மறைந்து விட்டது. பெயர் மட்டும் நிலைத்து விட்டது. மயிலாப்பூர் பக்கத்திலும் ஒரு சி.ஐ.டி. காலனி உண்டு.

திருவான்மியூர் ரெயில் நிலையத்தின் அருகே நிற்கும் டைடல் பார்க்கின் கதையும் இதே போன்றதுதான். "டிட்கோ", "எல்காட்" என்று இரண்டு அரசாங்க நிறுவனங்கள். இரண்டு பெயரிலும் முன்பாதியை எடுத்து ஒட்டினார்கள். டைடல் ஆயிற்று!

இப்படி வாரியம், கழகம், டிரஸ்ட், குழுமம் என்று எத்தனையோ அமைப்புகள். இவை என்ன செய்கின்றன? இவற்றால் நம் வீட்டு அடுப்பு எரிகிறதா?

ஒருவரால் ஆகாத காரியம்

ஒருவர் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கிறார். கடன் வாங்கி ஒரு கடைசல் இயந்திரம் வாங்கி விடலாம். ஆனால் அதை ஓட்ட மின்சாரம் வேண்டும். லாரி வந்து போக ரோடு வேண்டும். தண்ணீர் வேண்டும். கழிவு நீர் போக சாக்கடை வேண்டும்.

இதையெல்லாம் தனி ஒருவர் செய்ய முடியுமா? முடியாது. நூறு பேருக்கும் தேவை. ஆனால் நூறு பேரில் ஒருவராலும் ஆகாது.

அந்த இடத்தில்தான் அபிவிருத்தி அமைப்பு வருகிறது. நிலத்தை மொத்தமாக எடுக்கிறது. ரோடு, விளக்கு, தண்ணீர், சாக்கடை ஆகியவற்றை முதலில் அமைக்கிறது. பிறகு மனைகளாகப் பிரித்துக் கொடுக்கிறது.

களம் அமைப்பது வாரியம். கதிர் அடிப்பது ஜனங்கள்!

உலகம் முழுவதும் பேசப்பட்ட உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1933-ல் அந்த நாட்டில் வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடியது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட், டென்னசி ஆற்றுப் பகுதிக்கு என்று தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தினார். வெள்ளத்தைத் தடுக்க அணை, அணையிலிருந்து மின்சாரம், மண்ணைக் காக்க ஏற்பாடு என எல்லாம் ஒரே கையில் நடந்தன. அதைப் பார்த்து 1948-ல் நம் நாட்டில் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் பிறந்தது.

டென்னசியில் இருட்டாக இருந்த கிராமங்களுக்கு விளக்கு வந்தது. அதே அணைகளுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு, நிலத்தை விட்டு வெளியேறவும் நேர்ந்தது. இந்த இரண்டு பக்கமும் சென்னையிலும் உண்டு.

ஏரி இருந்த இடம்

தியாகராய நகரில் கடைவீதிக்குப் போகிறவர்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. அவர்கள் நடக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரி!

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது அந்த ஏரி. அதனால் அதற்கு நெடிய ஏரி என்றே பெயர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. "ஏரி தெரியும் சாலை" என்று அர்த்தம். இப்போது அங்கே நின்று பார்த்தால் வீடுகள்தான் தெரியும்.

1920-ல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. அப்போது நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. ஏரியைத் தூர்த்து, புது ஊர் அமைக்கும் வேலை அந்தப் பத்தாண்டில் தொடங்கியது. நடுவில் ஒரு பூங்கா. அதைச் சுற்றிலும் பிரிந்து செல்லும் சாலைகள். பூங்காவுக்கு முதல்-மந்திரியாக இருந்த பனகல் ராஜாவின் பெயர். ஊருக்கு சர் பிட்டி தியாகராயரின் பெயர்.

திட்டம் போட்டவர்கள் நினைத்தது அமைதியான குடியிருப்பு. ஆனால் அருகில் மாம்பலம் ரெயில் நிலையம் இருந்தது. ரெயிலில் வந்து இறங்கும் கூட்டத்தைத் தேடிக் கடைகள் வந்தன. ரங்கநாதன் தெரு பிறந்தது. துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று பெருகிற்று. தென் மாவட்டங்களிலிருந்து வந்த எத்தனையோ இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே பிழைப்பு கிடைத்தது.

வாரியம் போடும் கோடு ஒன்று. ஜனங்கள் போடும் கோடு இன்னொன்று. ரோடும் ரெயிலும் இருந்ததால்தான் இரண்டும் சேர்ந்தன.

அடையாறில் காந்தி நகரை அமைத்தது கூட்டுறவு வீடு கட்டும் சங்கம். நடுத்தரக் குடும்பத்தினர் ஒன்று சேர்ந்து சாதித்த காரியம் அது. பெசன்ட் நகரிலோ வீட்டு வசதி வாரியம் குடியிருப்புகளைக் கட்டியது.

கிண்டியில் எழுந்த பேட்டை

வீடு மட்டும் போதுமா? வேலை வேண்டாமா?

1958-ல், காமராஜர் முதல்-மந்திரியாகவும் ஆர்.வெங்கட்ராமன் தொழில் மந்திரியாகவும் இருந்த காலத்தில், கிண்டியில் தொழிற்பேட்டை அமைந்தது. பெரிய முதலாளிகளுக்கு அல்ல, சிறு தொழில் செய்கிறவர்களுக்காக ஏற்பட்ட பேட்டை அது. பின்னர் அது திரு.வி.க. பெயரைப் பெற்றது.

அடுத்தடுத்து அமைப்புகள் வந்தன. 1965-ல் டிட்கோ. 1970-ல் சிறு தொழில்களுக்கு என்று சிட்கோ. 1971-ல் சிப்காட். 1977-ல் மின்னணுத் தொழிலுக்கு எல்காட்.

டிட்கோவும் எல்காட்டும் கூட்டாகத் தரமணியில் கட்டியதுதான் டைடல் பார்க். 2000-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி பிரதம மந்திரி வாஜ்பாய் அதைத் திறந்து வைத்தார். மொத்தம் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் சதுர அடி!

தரமணியைத் தேர்ந்தெடுத்தது நல்ல கணக்கு. 1948-ல் வந்த தோல் ஆராய்ச்சி நிலையமும், 1959-ல் வந்த ஐ.ஐ.டி.யும், பாலிடெக்னிக்கும் பக்கத்திலேயே இருந்தன. 1794-ல் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியும் தூரம் இல்லை. கட்டடத்தை இரண்டு வருஷத்தில் எழுப்பி விடலாம். படித்தவர்களை அப்படி எழுப்ப முடியாது. அதற்கு ஐம்பது வருஷ உழைப்பு முன்பே நடந்திருந்தது.

டைடலுக்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை முழுவதும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எழுந்தன. உள்ளே வேலை செய்கிறவர்கள் மட்டுமா பிழைத்தார்கள்? டீக்கடைக்காரர், ஆட்டோ டிரைவர், மெஸ் நடத்துகிறவர், துணி தேய்க்கிறவர் எல்லோருக்கும் வருமானம் வந்தது. ஒரு சம்பளம் பல வீட்டு உலையில் அரிசியாயிற்று.

மறுபக்கம்

ஆனால் ஒரு குறை. 1997-ல் பறக்கும் ரெயில் மயிலாப்பூர் வரை வந்து நின்று விட்டது. திருவான்மியூரை அது தொட்டது 2004-ல். டைடல் திறந்து நான்கு வருஷம் கழித்து! பந்தி போட்ட பிறகு உலை வைத்த கதைதான்.

ரெயிலாவது தாமதமாக வந்தது. தண்ணீர் தாமதம் செய்யவில்லை.

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர் தெருக்கள் குளமாயின. ஏரியைத் தூர்க்கலாம், மழையைத் தூர்க்க முடியுமா? தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் சுருங்கிப் போயிற்று. வெள்ளத்தை உறிஞ்சிக் கொண்டிருந்த நிலம் அது. 2022-ல் அதற்கு சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. மிச்சம் இருக்கும் பகுதிக்குத்தான் அந்த மரியாதை.

வெள்ளம் வடிந்தால் கடை மறுபடி திறக்கும். இடம் பெயர்ந்த குடும்பத்துக்கு அப்படி அல்ல.

2000-ம் ஆண்டிலிருந்து, ஆற்றங்கரைகளில் குடிசை போட்டிருந்த ஏராளமான குடும்பங்கள் நகரத்தின் தெற்கு எல்லைக்கு அப்பால் குடியேற்றப்பட்டன. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியவை அந்த இடங்கள். கையில் ஒரு சிமெண்டு வீடு கிடைத்தது. அது நல்லது. வெள்ள பயம் நிறைந்த ஆற்றங்கரையில் யாரும் இருக்கக் கூடாது என்பதும் நியாயமே.

ஆனால் அவர்களின் வேலை எங்கே இருந்தது? அடையாறிலும் மயிலாப்பூரிலும்!

முன்பு காலையில் நடந்து போய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, பத்து மணிக்குத் திரும்பிப் பிள்ளைகளைக் கவனித்த தாய், இப்போது பஸ் பிடித்து வந்து சேர வேண்டும். போக வர இரண்டு, மூன்று மணி நேரம். நாலு வீடு இரண்டு வீடாகும். பாதி வருமானம் போய் விடும். 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பயணம் வந்தது. காசு மிச்சமாயிற்று. நேரம் மிச்சமாகவில்லை.

ஊர் வளர்ந்தது, நிலத்தின் விலை பல மடங்கு ஏறியது. ஆனால் ஊரைத் துடைத்துப் பெருக்கியவர்கள் அந்த ஊருக்கு வெளியே போனார்கள். இது வளர்ச்சியின் கணக்கில் விட்டுப்போன பற்று.

எல்லாம் ஒரே கையிலா?

கோளாறு எங்கே? வீடு ஒரு வாரியம். தொழில் ஒரு கழகம். ரெயில் ஒரு இலாகா. மழைநீர் வடிகால் மாநகராட்சி. ஏரி வேறொரு துறை. அவரவர் வேலையை அவரவர் செய்தாலும், அடுத்தவர் என்ன செய்கிறார் என்று பார்க்காவிட்டால் இந்த நிலைதான்.

இதைச் சேர்த்துப் பார்க்கத்தான் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1972-ல் தோன்றியது. அன்று எம்.எம்.டி.ஏ.; ஊர் பெயர் சென்னை ஆன பின் சி.எம்.டி.ஏ. 1974-ல் அதற்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. நெரிசலில் திணறிய கொத்தவால் சாவடிச் சந்தையை 1996-ல் கோயம்பேட்டுக்குக் கொண்டு போனது அதன் பெரிய சாதனை.

குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-ல் அது 5,904 சதுர கிலோமீட்டர் என்று விரிக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து மடங்கு! ஆனாலும் பழைய வழக்கம் போகவில்லை. 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறந்தார்கள். பக்கத்தில் அன்றைக்கு ரெயில் நிற்கவில்லை.

எல்லை பெரிதானால் போதாது. அந்த எல்லைக்குள் இருக்கும் ஏரி, கால்வாய், ஏழை வீடு மூன்றும் வரைபடத்தில் ஏற வேண்டும். கட்டடத்துக்கு முன்பே அவை ஏற வேண்டும்.

இதில் ஜனங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 2008-ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும் என்று வகுக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டு எப்படி என்பதை மூன்றாவது பிளான் தீர்மானிக்கும். இப்படிப்பட்ட திட்டத்தை முடிவு செய்வதற்கு முன் பொதுமக்களின் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்க வேண்டும் என்று 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் சொல்கிறது.

அது பெரிய மனிதர்களுக்கு மட்டும் உள்ள உரிமை அல்ல. பெரும்பாக்கத்திலிருந்து அடையாறுக்கு வேலைக்கு வரும் தாயும் கேட்கலாம். "மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? காலை ஆறு மணிக்கு எங்களுக்கு பஸ் உண்டா? வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு வீடு எங்கே?" என்று தமிழில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.