பாட்டி கொடுத்த அபினும் பாட்டிலில் வரும் அபினும்

இருமல் வந்தால் மருந்துக் கடைக்குப் போய், "இருமலுக்கு ஒரு பாட்டில் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக் குடிப்பதென்பது பட்டணம், கிராமம் என்ற வித்தியாசமில்லாமல் எங்கும் வழக்கமாய்ப் போய்விட்டது. கத்தரிக்காய் வாங்கினால் சொத்தையா என்று திருப்பிப் பார்க்கின்றோம். மாடு வாங்கினால் வாயைப் பிளந்து பல்லை எண்ணுகின்றோம். ஆனால் நமது வாயில் ஊற்றிக்கொள்ளும் மருந்தை மாத்திரம் அதன் நிறத்தையும் தித்திப்பையும் பார்த்தே நம்பிவிடுகின்றோம். தாயத்துக்குள் என்ன இருக்கின்றதென்று பிரித்துப் பாராமல் குழந்தை கழுத்தில் கட்டுகின்றவனுடைய நம்பிக்கைக்கும் இந்த நம்பிக்கைக்கும் என்ன வித்தியாசம் என்பது நமக்கு விளங்கவில்லை. தாயத்தாவது கழுத்தோடு நின்றுவிடும். இதுவோ வயிற்றுக்குள் போகின்றது.

இருமல் மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. சில சளியை இளக்குவன. சில மூக்கொழுகலை நிறுத்துவன. நாம் இங்கு எழுத வந்தது கோடீன் என்னும் சரக்குச் சேர்ந்த மருந்தைப் பற்றியேயாகும். கோடீன் என்பது என்ன? நமது அடுப்பங்கரையில் இருக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் காயைக் கீறினால் வடிகின்ற பாலே அபின். அந்த அபினிலிருந்து 1832-ல் பிரான்சு தேசத்து ரொபிக்கே என்பவர் பிரித்தெடுத்த வஸ்துவே கோடீன். ஆகவே, அந்தப் பாட்டில் எவ்வளவு அழகான அட்டைப் பெட்டியில் வந்தபோதிலும் அபின் குடும்பத்துப் பிள்ளைதான் என்பதில் சந்தேகமில்லை.

முன்காலத்தில் அழுகின்ற குழந்தைக்குக் கடுகளவு அபினைப் பாலில் கரைத்துக் கொடுத்துத் தூங்கவைத்த பாட்டிமார்கள் உண்டு. அப்படித் தூங்கின குழந்தைகளில் சில விழிக்காமலே போனதுமுண்டு. அதைக் கேட்டால் இன்று படித்தவர்கள், "ஐயோ, அநாகரிகம்!" என்று சொல்லிச் சிரிக்கின்றார்கள். ஆனால் அதே படித்தவர், இரவு குழந்தை இருமினால் சென்ற வருஷம் தமக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த பாட்டிலைத் தேடியெடுத்து, சமையல் கரண்டியில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, "பார்த்தாயா, எவ்வளவு நன்றாய்த் தூங்குகின்றது!" என்று திருப்தியடைகின்றார். பாட்டிக்காவது அது அபின் என்று தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது.

பெரிய தேசத்தார், பெரிய கம்பெனியார் சொன்னால் சரியாய்த்தானிருக்கும் என்பதும் ஒரு மூடநம்பிக்கையேயாகும். 1898-ல் ஜெர்மனியிலுள்ள பேயர் கம்பெனி இருமலுக்கு நல்ல மருந்தென்று ஒன்றை விற்றது. அதன் பெயர் ஹெராயின். ஆம், இன்று உலக முழுவதும் போலீசார் தேடிப் பிடிக்கின்ற அதே ஹெராயின்தான்! மார்பீனைப் போல் இது பழக்கமாகாது என்று அக்கால டாக்டர்களே பலர் நம்பினார்கள்.

நிற்க, கோடீன் உடம்பில் என்ன செய்கின்றது என்பதைக் கவனிப்போம். அது நோயைத் தீர்ப்பதில்லை. மூளையிலே இருமலைக் கிளப்புகின்ற இடத்தை மந்தப்படுத்துகின்றது. இருமல் என்பது சளியை வெளியே தள்ளுவதற்கு உடம்பு வைத்திருக்கும் காவற்காரன். திருடன் வந்ததற்காகச் சத்தம் போடுகின்ற காவற்காரனுக்குத் தூக்க மருந்து கொடுத்துவிட்டால் வீடு அமைதியாய்த்தானிருக்கும். திருடன் போய்விட்டானென்று அர்த்தமாகுமா? இதைவிட முக்கியமான சங்கதி, மூளையில் மூச்சை நடத்துகின்ற இடத்தையும் அதே மருந்து மந்தப்படுத்துகின்றது என்பதேயாகும். அளவு மிஞ்சினால் மூச்சு மெதுவாகி, பிறகு நின்றே போகும்.

அளவு என்பதும் எல்லோருக்கும் ஒன்றல்ல. உள்ளே போன கோடீனில் ஒரு பாகத்தை ஈரல் மார்பீனாக மாற்றுகின்றது. சிலருடைய ஈரல் பிறவியிலேயே இந்த வேலையை மிகவும் வேகமாய்ச் செய்யக்கூடியது. அவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவே விஷமாகலாம். யார் அப்படிப்பட்டவர் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. இக்காரணத்தாலேயே ஐரோப்பாவில் 2015-ல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இருமலுக்கோ ஜலதோஷத்துக்கோ கோடீன் கூடாதென்று விதித்தார்கள். அமெரிக்காவில் 2018-ல் 18 வயது நிறையாத எவருக்கும் கோடீன் சேர்ந்த இருமல் மருந்து கூடாதென்று சொல்லிவிட்டார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் குடித்தால் அது பாலின் வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேரும்.

இவ்வளவு ஆபத்தை விலை கொடுத்து வாங்கி அடைகின்ற லாபம்தான் என்ன? சாதாரண ஜலதோஷ இருமலில் கோடீன் குடித்தவர்களையும், மருந்தே இல்லாத வெறும் தித்திப்புத் தண்ணீரைக் குடித்தவர்களையும் ஒப்பிட்டுச் சோதித்ததில், வித்தியாசம் ஒன்றும் காணப்படவில்லை. பெரும்பாலும் அவ்விருமல் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே போகக்கூடியது. தானாகப் போகாத இருமலோ வேறு சங்கதி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால், அதிலும் சாயங்காலக் காய்ச்சலும், இளைப்பும், சளியில் ரத்தமும் கண்டால், அது க்ஷயரோகமா என்று பார்த்தாக வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைக் காசில்லாமலே பரிசோதிக்கின்றார்கள். மருந்தும் காசில்லாமலே கொடுக்கின்றார்கள். அப்படியிருக்க, மாதக்கணக்காய்ப் பாட்டில் பாட்டிலாய்க் குடித்து இருமலை அமுக்கிக்கொண்டே, வீட்டிலுள்ள பெண்டு பிள்ளைகளுக்கும் நோயைப் பரப்புவதென்றால் இதைப் போன்ற பரிதாபம் வேறொன்று உண்டா?

இங்கு ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாடா பக்கம் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்தால் மாண்டதும், அம்மருந்து நமது காஞ்சீபுரம் ஜில்லாவில் செய்யப்பட்டதென்பதும் வாசகர்கள் அறிந்ததே. அதில் கோடீன் இல்லை. டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம் கலந்திருந்தது. அது மருந்து கெட்டதால் வந்த கேடு. நாம் சொல்லுகின்றதோ, கலப்படமேயில்லாத அசல் மருந்தினால் வரக்கூடிய கேடு. "நல்ல கம்பெனிச் சரக்கு" என்ற சமாதானம் இதில் செல்லாது.

பழக்கத்தின் கொடுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமது நாட்டுப் பாட்டில்களில் பெரும்பாலும் 5 மில்லிக்கு 10 மில்லிகிராம் கோடீன் இருக்கும். 100 மில்லி பாட்டிலை ஒரே மூச்சில் குடிக்கின்ற வாலிபன் 200 மில்லிகிராமை ஒரேயடியாய் விழுங்குகின்றான். சாராய வாடை இல்லை. கேட்டால் இருமல் என்று சொல்லிவிடலாம். முதலில் ஒரு பாட்டில், பிறகு அது போதாமல் இரண்டு. வங்காள தேசத்தில் 1982-லேயே இப்படிப்பட்ட மருந்தைத் தடுத்தார்கள். அதன் பிறகு நமது நாட்டிலிருந்தே எல்லை தாண்டிக் கள்ளத்தனமாய்ப் போய்க்கொண்டிருந்தது. நைஜீரியாவில் 2018-ல் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் நிறுத்தினார்கள். நமது சர்க்கார் 2013-ல் இதை எச் 1 என்னும் அட்டவணையில் சேர்த்தார்கள். அதன்படி டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. சீட்டு எழுதினவர் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் புத்தகத்தில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவும் வேண்டும். 2023-ல் தடுக்கப்பட்ட 14 கூட்டு மருந்துகளில் குளோர்பெனிரமினும் கோடீனும் சேர்ந்த இருமல் மருந்தும் ஒன்று. சட்டம் இவ்வளவு இருந்தும், சில இடங்களில் சீட்டில்லாமல் பாட்டில் கைமாறுவதேன்? அந்தப் புத்தகத்தை யாராவது புரட்டிப் பார்க்கின்றார்களா என்பதே நமது கேள்வி. குடித்தவனைப் பிடித்து அடிப்பது சுலபம். பெட்டி பெட்டியாய் விற்றவனுடைய கணக்கைக் கேட்பதுதான் கஷ்டம்போலும்!

இதனால் அபினிலிருந்து வரும் மருந்து முழுவதையுமே ஒழித்துவிட வேண்டுமென்று நாம் சொல்லுவதாக யாரும் கருதிவிடக்கூடாது. புற்றுநோயால் துடிக்கின்றவனுக்கு மார்பீனைப் போன்ற உதவி வேறில்லை. "அபினாயிற்றே" என்று பயந்து அவனைத் துடிக்கவிடுவதும் மூடத்தனமே.

இருமலுக்கும் ஏதோ காரணத்தால் ஒரு டாக்டர் வயது வந்தவருக்குக் கோடீன் எழுதலாம். எழுதினால், "இதில் கோடீன் உண்டா? எனக்கு ஏன் தேவை? எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஆஸ்துமா, மூச்சிரைப்பு, தூக்கத்தில் மூச்சு நிற்கின்ற வியாதி, ஈரல் கோளாறு, கர்ப்பம் இவைகளில் எது இருந்தாலும் அவர் எழுதுமுன்பே சொல்லிவிட வேண்டும். தூக்க மாத்திரையோ, நரம்புக்கோ மனதுக்கோ மாத்திரையோ சாப்பிடுகின்றவர்களும் அப்படியே. பாட்டிலோடு வரும் அளவு மூடியிலேயே அளக்க வேண்டும், கரண்டியில் அல்ல. இருமல் அடங்கவில்லையென்று இன்னொரு மூடி சேர்த்துக் குடிக்கக்கூடாது. குடிக்கின்ற நாட்களில் சாராயமோ பிராந்தியோ தொடவே கூடாது. மூச்சு நின்று மாண்டவர்களில் பலர் இரண்டையும் சேர்த்துக் குடித்தவர்களே. தூக்கம் வருமாதலால் லாரியும் மோட்டார் சைக்கிளும் ஓட்டக்கூடாது. மலச்சிக்கலும் வரும். மிச்சத்தை "இருக்கட்டும், பிறகு உதவும்" என்று அலமாரியில் வைக்கின்ற சிக்கனம் நமக்கு வேண்டாம்.

குடித்தவர் தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு விட்டுவிட்டு வந்து, கண்ணின் பாவை ஊசிமுனைபோல் சுருங்கி, உதடு நீலம் பாய்ந்தால், புளித்தண்ணீரும் மோரும் ஊற்றிக்கொண்டு நேரம் போக்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-க்குச் சொல்லி, பாட்டிலையும் கையோடு எடுத்துப்போங்கள். நாலக்சோன் என்னும் மாற்று ஊசி உண்டு. நேரத்தில் போட்டால் மூச்சு திரும்பும்.

பழக்கத்தில் விழுந்துவிட்டவரைப் பற்றி வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அவரைச் சாமி முன் சத்தியம் செய்யவைப்பதாலோ, அறையில் பூட்டுவதாலோ பலனில்லை. மருந்தை ஒரேயடியாய் நிறுத்தினால் வியர்வையும், உடம்பு வலியும், வயிற்றுப்போக்கும், தூக்கமின்மையும் வந்து, அதைத் தாங்கமாட்டாமல் மறுபடியும் பாட்டிலைத் தேடுவார். சில நாள் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே குடித்தால், உடம்பு முன்போல் தாங்காமல் உயிரே போகலாம். இது வியாதி; இதற்கு வைத்தியமுண்டு. பெரியாஸ்பத்திரியில் மனநோய்ப் பகுதி டாக்டரிடம் அழைத்துப் போகலாம். 14446 என்ற எண்ணில் காசில்லாமல் விசாரிக்கலாம். போகின்றபோது எத்தனை வருஷமாய், தினம் எத்தனை பாட்டில் என்பதைக் கௌரவத்துக்குப் பயந்து குறைத்துச் சொல்லாதீர்கள். அந்தக் கணக்கைக் கொண்டே டாக்டர் மருந்தின் அளவை நிர்ணயிக்க வேண்டியிருக்கின்றது.