சீமைப் படிப்பும் உப்பங்கரை வழக்கும்

சட்டம் படிக்கக் கடல் கடந்து போவது நம் தேசத்தில் புதிய சமாசாரம் அல்ல. காந்தியடிகள் 1888-ஆம் வருஷம் பம்பாயில் கப்பலேறி, 1891-இல் பாரிஸ்டராகத் திரும்பினார். அந்தக் காலத்தில் பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சை தேறினால் மட்டும் போதாது. லண்டனில் உள்ள சட்ட சங்கத்தின் விருந்துகளில் இத்தனை தடவை கலந்துகொண்டாக வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. சாப்பிட்டே சட்டம் கற்ற காலம் அது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இன்றைக்கு நம் பிள்ளைகள் நாடிப் போவது பெரும்பாலும் எல்.எல்.எம். என்னும் ஒரு வருஷ மேற்படிப்பை. அதற்கு விருந்து உண்ண வேண்டியதில்லை. விண்ணப்பம் எழுத வேண்டும். உண்பதைக் காட்டிலும் எழுதுவது சிரமமான காரியம் என்பதை எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நோக்கி வடக்கே போனால், வழியில் கூனிமேடு என்னும் ஊர் வருகிறது. 1680-களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்தார்கள். அவர்கள் வாயில் ஊரின் பெயர் 'கானிமீர்' என்று திரிந்தது. பண்டகசாலை வைக்க வந்தவர்கள் பிற்பாடு இந்தத் தேசத்தில் கோர்ட்டு வைத்தார்கள், சட்டம் வைத்தார்கள், உப்புக்கு வரியும் வைத்தார்கள். அந்தச் சட்டத்தின் மூலத்தை அவர்கள் ஊருக்கே போய்ப் படித்துவிட்டு வரவேண்டும் என்று இன்று கூனிமேட்டுப் பெண் ஒருத்தி நினைத்தால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

விழுப்புரத்தில் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி நடந்து வருகிறது. அதில் படித்துத் தேறிய பெண் ஒருத்தி, "அப்பா, லண்டனுக்கு மனுப் போடப் போகிறேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். தகப்பனாரின் மனத்தில் உடனே இரண்டு கேள்விகள் எழும். நம் ஊர்ப் பெண்ணை அவர்கள் எதற்காகச் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள்? சேர்த்துக்கொண்டால் பணத்துக்கு எங்கே போவது? இரண்டும் நியாயமான கேள்விகளே.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சர்வகலாசாலைகள் கேட்பவை பெரும்பாலும் ஒன்றே: சட்டப் படிப்பின் மதிப்பெண் பட்டியல்கள், ஆங்கிலப் பரீட்சையில் தேர்ச்சி, ஆசிரியர்களின் சிபார்சுக் கடிதங்கள் இரண்டு அல்லது மூன்று, பிறகு 'நான் ஏன் படிக்க விரும்புகிறேன்' என்று தானே எழுதும் அறிக்கை. அமெரிக்காவில் இளநிலைச் சட்டப் படிப்புக்கு வேண்டிய எல்ஸாட் பரீட்சை எல்.எல்.எம். படிப்புக்கு வழக்கமாகத் தேவையில்லை. இதை அறியாமல் அதற்குப் பயிற்சிக் கட்டணம் கட்டி ஏமாறக் கூடாது. சிபார்சுக் கடிதம் பெரிய பதவியில் இருப்பவரிடமிருந்து வந்தால் மதிப்பு என்று எண்ணுவதும் சரியல்ல. பெண்ணின் பெயரை மட்டும் கேள்விப்பட்ட பிரமுகரைவிட, அவளுடைய விடைத்தாளைத் திருத்திய ஆசிரியரே மேலான சாட்சி.

அறிக்கை விஷயந்தான் முக்கியமானது. "சிறு வயது முதலே எனக்கு நீதியில் அளவற்ற வேட்கை" என்று தொடங்கும் அறிக்கைகளைப் படித்துப் படித்து அந்தப் பேராசிரியர்களின் கண்கள் பூத்துப் போயிருக்கும். போதாக்குறைக்கு, கேட்ட மாத்திரத்தில் எழுதித் தரும் இயந்திரங்களும் இப்போது வந்துவிட்டன. அவை எழுதும் வேட்கைக்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை. வக்கீலாகப் போகிறவள் முதன்முதலில் வாதாட வேண்டியது தன்னுடைய வழக்கைத்தான். அதற்கு ஆதாரம் வேண்டாமா?

ஆதாரம் வாசற்படியிலேயே கிடக்கிறது. மரக்காணத்து உப்பளங்களைப் பாருங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தவர்கள் ஒரு பிடி உப்பை அள்ளியதற்காகச் சிறை சென்றார்கள். 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. ஆனால் உப்பைப் பற்றிய சட்டக் கேள்விகள் ஒழிந்துவிடவில்லை. நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உப்பு உற்பத்தி மத்திய அரசின் பட்டியலில் 58-ஆவது இனமாக இருக்கிறது. கரையோர மீன்பிடிப்போ மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம். அதே மீன் பிராந்தியக் கடலின் எல்லையைத் தாண்டி நீந்திவிட்டால், மத்தியப் பட்டியலில் 57-ஆவது இனத்துக்குள் போய்விடுகிறது! பாத்தியில் வெறுங்காலோடு நிற்கும் தொழிலாளியின் நலனோ இருவருக்கும் பொதுவான பட்டியலில் சேர்ந்தது. இவற்றோடு 1991-இலும், 2011-இலும், 2019-இலும் பிறந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள் வேறு. இத்தனை சட்டங்களும் ஒரே மணலில் வந்து சந்திக்கின்றன. மணலின் மேல் குடியிருப்பவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிவதில்லை.

இதற்கும் அயல் நாட்டுப் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கடலும் கரையும் பொதுச் சொத்து, அரசாங்கம் அவற்றுக்கு தர்மகர்த்தா மட்டுமே என்னும் கொள்கை ரோமானியச் சட்டத்தில் வேர்விட்டது. 1892-இல் சிகாகோ ஏரிக்கரை நிலத்தை ஒரு ரயில் கம்பெனிக்குக் கொடுத்துவிட்ட வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கொள்கையை நிலைநாட்டியது. நம்முடைய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், பியாஸ் நதிக்கரை சம்பந்தமான கமல்நாத் வழக்கில் அதைக் கைக்கொண்டது. அந்தக் கொள்கை வளர்ந்த இடத்தில் அதைக் கற்று, மரக்காணத்துக் கரைக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராய விரும்புவதாகக் கூனிமேட்டுப் பெண் எழுதினால், அவளை ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு அதுவே விடை. அந்த வாக்கியத்தை நியூயார்க்கில் பிறந்தவர் எழுதினாலும் அதற்கு உப்புக் காற்றின் ருசி வராது.

இனி இரண்டாவது கேள்வி. பணம் என்னும் இந்த மதில் பெரியவர்களையும் விட்டதில்லை. கொர்னீலியா ஸோராப்ஜி அம்மையார் புனா டெக்கான் கல்லூரியில் முதன்மையாகத் தேறினார். அவ்விதம் தேறியவருக்குச் சீமையில் படிக்கச் சர்க்கார் உபகாரச் சம்பளம் உண்டு. பெண் என்ற ஒரே காரணத்தால் அவருக்கு அது மறுக்கப்பட்டது. நல்லவர்கள் சிலர் சேர்த்துக் கொடுத்த நிதியால் 1889-இல் ஆக்ஸ்போர்டு சேர்ந்தார். 1892-இல் பி.ஸி.எல். என்னும் சட்ட மேற்படிப்பின் பரீட்சையைத் தேறினார். ஆனால் பெண்களுக்குப் பட்டம் தரும் வழக்கம் அங்கே இல்லாததால், 30 வருஷம் கழித்து 1922-இல்தான் பட்டம் கைக்கு வந்தது. டாக்டர் அம்பேத்கரோ 1913-இல் பரோடா மகாராஜாவின் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா சென்றார். பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த உதவியின் தவணை முடிந்துவிட்டது. 1917-இல் பாதிப் படிப்போடு திரும்பினார். சேமித்தும் கடன் வாங்கியும் 1920-இல் மறுபடி போய் முடித்தார்.

இன்றைய கணக்கையும் பார்ப்போம். அமெரிக்காவின் பெரிய சர்வகலாசாலைகள் சிலவற்றில் படிப்புக் கட்டணம் மட்டுமே 70,000 டாலரைத் தாண்டுகிறது. நம் பணத்தில் அது பல லட்சம். வீட்டு வாடகையும் சாப்பாடும் தனி. பிரிட்டனில் மாணவர் விசா கேட்பவர், வேண்டிய தொகை வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருந்ததாகக் காட்ட வேண்டும். கல்விக் கடனும், 7½ லட்சத்துக்கு மேல் போனால், வழக்கமாக ஈடு இல்லாமல் கிடைப்பதில்லை. ஈடு என்றால் வேறென்ன? குடியிருக்கும் வீட்டின் பத்திரந்தான்.

ஆகையால் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன், உபகாரச் சம்பளங்களுக்கு மனுப் போட வேண்டும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளம் ஆதிதிராவிடர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு உரியது. குடும்ப வருஷ வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனின் செவனிங் உதவிக்கு இரண்டு வருஷ வேலை அனுபவமும், அமெரிக்காவின் புல்பிரைட்–நேரு உதவிக்கு மூன்று வருஷ அனுபவமும் கேட்கிறார்கள். எனவே கல்லூரியை விட்டு வந்த அன்றே புறப்பட வேண்டுமென்ற அவசரம் இல்லை. திண்டிவனம் கோர்ட்டில் இரண்டு மூன்று வருஷம் ஜூனியராக இருந்து வழக்குக் கட்டுகளைச் சுமந்தால், அந்த அனுபவமே விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். சில உதவிகளுக்குக் கெடு சர்வகலாசாலையின் கெடுவுக்கு முந்தியே முடிந்துவிடுவதால், புறப்பட நினைக்கும் தேதிக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகவே வேலையைத் தொடங்குவது நலம்.

பட்டம் எதைத் தரும், எதைத் தராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் வக்கீல் தொழில் நடத்த எல்.எல்.எம். தேவையில்லை; எல்.எல்.பி.யும், பார் கவுன்சில் பதிவும், அகில இந்திய பார் பரீட்சையும் போதும். அயல் நாட்டு எல்.எல்.எம். மட்டும் அங்கே தொழில் நடத்தும் உரிமையையும் தந்துவிடாது. அந்தந்த நாட்டின் தனிப் பரீட்சையைத் தேறியாக வேண்டும். "சேர்ந்தால் வேலை நிச்சயம்" என்று சொல்லும் தரகர்களில் பலர் கல்லூரியிடமிருந்தே கமிஷன் வாங்குகிறவர்கள். அவர்கள் பேச்சை நம்பி வீட்டை ஈடு வைப்பது பேதைமை.

இவ்வளவும் சொன்னது பெண்ணைத் தடுப்பதற்காக அல்ல. செவனிங், புல்பிரைட் உதவிகள் இரண்டிலும் படிப்பு முடிந்தபின் இரண்டு வருஷம் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பலர் அதைத் தளை என்று எண்ணுகிறார்கள். உப்பங்கரையின் கேள்வியை எழுதி இடம் பெற்றவளுக்கு அது தளை அல்ல; அவள் தானே எழுதிக் கொடுத்த வாக்கு. தகப்பனாரே, உபகாரச் சம்பளம் கிடைத்தால் சந்தோஷமாக அனுப்பி வையுங்கள். இந்த வருஷம் கிடைக்காவிட்டால், பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். பெண் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கட்டும். அடுத்த வருஷம் மறுபடியும் மனு எழுதட்டும். வழக்குகளுக்கு மட்டுமா மேல்முறையீடு உண்டு? விண்ணப்பங்களுக்கும் உண்டு.