காலியிடம் யாருக்குத் தெரிகிறது?

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு நாம் தரும் அறிவுரைக்குக் குறைவே இல்லை. ரெஸ்யூமை ஒரே பக்கத்தில் அடக்கு, ஆங்கிலத்தில் பேசிப் பழகு, இன்டர்வியூவில் தயங்காதே என்கிறோம். எல்லாம் தேவைதான். ஆனால், ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இவை கைகொடுக்கும். அந்தத் தகவலே ஏராளமான இளைஞர்களை எட்டுவதில்லை. வேலை கிடைக்காதவரின் குறைகளைப் பட்டியலிடும் நாம், காலியிடத்தை வெளியே சொல்லாமல் நிரப்பிக்கொள்பவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. தனியார் நிறுவனங்கள் தங்கள் காலியிடங்களையும் அவற்றுக்கான சம்பளத்தையும் பொதுவில் அறிவிப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அதை மீறினால் உறைக்கும்படி தண்டிக்கவும் வேண்டும்.

வேலை எப்படிக் கிடைக்கிறது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆராய்ந்தார். பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில், அண்மையில் வேலை மாறியவர்களைச் சந்தித்து விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலமாகவே வேலை கிடைத்திருந்தது. ஆனால், அந்தத் தெரிந்தவர் பெரும்பாலும் நெருங்கிய நண்பரோ உறவினரோ அல்ல. 1973-ல் வெளியான அவரது கட்டுரையின்படி, தகவல் தந்தவரை அடிக்கடி பார்த்துப் பழகியவர்கள் ஆறில் ஒரு பங்கினர்தான். மற்றவர்களுக்கு அது எப்போதாவது பார்க்கும் முகம். பழைய சக ஊழியர், முன்னாள் முதலாளி, நண்பரின் நண்பர். 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் அதிகமானோரை ஐந்தாண்டுகள் கவனித்துக் கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்தது. நம் வீட்டாருக்கும் உயிர்த்தோழருக்கும் தெரிந்ததெல்லாம் நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வேறு இடத்தில் புழங்கும் மனிதரிடம்தான் புதிய செய்தி இருக்கும்.

இந்த உண்மையைத் தமிழ்நாட்டில் பொருத்திப் பார்த்தால் கவலை கூடுகிறது. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் அது 47 சதவீதம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிப் படித்த பிள்ளைகளும் இந்தச் சாதனையில் அடக்கம். பெருமைப்பட வேண்டிய செய்தி இது. ஆனால், வங்கி அதிகாரியின் மகனுக்கு அப்பாவின் நண்பர்கள் வட்டத்திலேயே பத்து நிறுவனங்களின் செய்தி வந்துவிடும். கட்டட வேலைக்குப் போகும் தாயின் மகளுக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரைக்கூடத் தெரிந்திருக்காது. இருவரும் வாங்கிய மதிப்பெண் ஒன்றாகவே இருந்தாலும் தேடலைத் தொடங்கும் இடம் ஒன்றல்ல.

தெரிந்தவர் மூலம் ஆள் எடுப்பதில் சாதியும் சேர்ந்தே உள்ளே வருகிறது. நம் நாட்டில் பழக்க வட்டம் என்பது பெரும்பாலும் சாதி வட்டம்தான். விளம்பரம் கொடுத்துவிட்டால் மட்டும் இது ஒழிந்துவிடாது என்பதும் உண்மை. சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோரின் ஆய்வு 2007-ல் வெளிவந்தது. தனியார் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. விளம்பரம் இருந்ததால்தான் அந்த அநியாயத்தை அளக்கவாவது முடிந்தது. மூடிய கதவுக்குள் நடக்கும் பாகுபாட்டை யார் அளப்பது?

இதற்கென்று சட்டம் இல்லாமல் இல்லை. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959-லேயே வந்தது. 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது. ஆனால், தெரிவிக்காவிட்டால் முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 1,000 ரூபாய் வரை, அவ்வளவுதான். எந்த நிறுவனம் பயப்படும்? எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருந்தே ஒரு தலைமுறைக்கு வயதாகிவிட்டது. இப்போது அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. தொகுப்பு மாறினாலும் நடைமுறை மாறாவிட்டால் பயனில்லை. தெரிவிக்கப்படும் ஒவ்வொரு காலியிடமும் அன்றைக்கே, சம்பளத்தோடு, யாரும் கைபேசியில் பார்க்கும்படி வெளியாக வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களின் முதல் பணியாக இதுவே இருக்கட்டும்.

சட்டம் வரும்வரை கல்லூரிகள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பிளேஸ்மென்ட் என்ற பெயரில் இறுதியாண்டில் நான்கு நிறுவனங்களை அழைத்து வருவதோடு கடமை முடிந்ததாகப் பல கல்லூரிகள் நினைக்கின்றன. ஐந்தாண்டுக்கு முன் அதே வகுப்பில் படித்துத் திருப்பூரில் மெர்ச்சன்டைசராகவோ ஸ்ரீபெரும்புதூரில் தரப் பரிசோதகராகவோ இருக்கும் சீனியரின் எண் எந்தக் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது? அவரிடம் "அண்ணா, எனக்கு ஒரு வேலை வாங்கித் தாங்க" என்று கேட்டால் அவர் சங்கடப்படுவார்; பார்க்கலாம் என்பார்; பேச்சு அத்தோடு நின்றுவிடும். "உங்க வேலையில தினமும் என்ன செய்யணும், புதுசா சேர்றவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும், உங்க கம்பெனியில எந்த மாசத்துல ஆள் எடுப்பாங்க" என்று கேட்டால் அவர் அரை மணி நேரம் பேசுவார். பேச்சு முடியும்போது இன்னும் இரண்டு பேருடைய எண்ணும் கிடைக்கக்கூடும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் கற்றுக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை மற்ற பிள்ளைகளுக்குக் கல்லூரிதான் கற்றுத்தர வேண்டும். 2022-ல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியோடு நின்றுவிடாமல் இதையும் எடுத்துச் செய்யலாம்.

தகவல் இல்லாத இடத்தில்தான் தரகர் நுழைகிறார். பதிவுக் கட்டணம், செக்யூரிட்டி டெபாசிட், டிரெய்னிங் பீஸ் என்று வேலை கொடுப்பதற்கு முன் பணம் கேட்பவரிடம், ஒரிஜினல் சான்றிதழைக் கையில் வாங்கி வைத்துக்கொள்பவரிடம், இளைஞர்கள் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பொதுவாகத் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. ஏற்க வேண்டும்.

சம்பளத்தை வெளியிட்டால் போட்டி நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும், பழைய ஊழியர்கள் கேள்வி கேட்பார்கள் என்று முதலாளிகள் சொல்வார்கள். இரண்டாவது காரணம், அதை வெளியிட வேண்டும் என்பதற்கே வலுச் சேர்க்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் சம்பள வரம்பைக் குறிப்பிடாமல் வேலை விளம்பரம் தர முடியாது. ஐரோப்பிய ஒன்றியமும் விண்ணப்பதாரருக்கு அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 2023-ல் விதி வகுத்தது. பழைய வேலையில் என்ன வாங்கினாய் என்று கேட்பதற்கும் அங்கே தடை. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைகளுக்கு விலக்கு அளிக்கலாம். நூற்றுக்கணக்கானோரை வைத்து நடத்தும் நிறுவனங்களுக்கு எந்தச் சாக்கும் இல்லை.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 'தகுதிக்கேற்ற சம்பளம்', 'நேரில் வரவும்' என்று மட்டும் போட்டு, நிறுவனத்தின் பெயரைக்கூடச் சொல்லாத வரிவிளம்பரங்களை நம்பித்தான் கிராமத்திலிருந்து ஒரு பிள்ளை கடன் வாங்கிய காசில் பஸ் ஏறி நகரத்துக்கு வருகிறது. நிறுவனத்தின் பெயர், வேலை, ஊர், சம்பளம் ஆகிய நான்கும் இல்லாத வேலை விளம்பரத்தை எந்த நாளிதழும் வாங்கக் கூடாது. அதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.