காய்ச்சலை மறைத்துப் பள்ளிக்கு அனுப்பாதீர்!



காலை பத்து மணி. அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த முதலாம் ஆண்டு மாணவன் மேசைமீது தலைசாய்த்துக் கிடக்கிறான். நெற்றியைத் தொட்டால் அனலாய்ச் சுடுகிறது. "காலையிலேயே அம்மா மருந்து கொடுத்தாங்க, டீச்சர்" என்கிறான். என் ஆசிரியப் பணியில் இக்காட்சியை எத்தனை முறை கண்டுவிட்டேன்!

இதில் வியப்பேதும் இல்லை. பாரசெட்டமோல் மருந்தின் வேகம் நான்கு முதல் ஆறு மணி நேரமே. விடியற்காலை ஆறு மணிக்குக் கொடுத்தது பத்து மணிக்குக் குறையத் தொடங்கும். அம்மருந்து சூட்டைத் தணிக்கும்; நோயைத் தீர்க்காது. 'சூடில்லை, ஆகவே நலம்' என்னும் எண்ணமே நம் பிள்ளைகளுக்கு எதிரி.

அந்த நான்கு மணி நேரத்தில் என்ன நேரும்? கை, கால், வாய்ப்புண் நோய் எச்சிலாலும் சளியாலும் கொப்புள நீராலும் பரவுவது. 1997இல் சரவாக்கில் அந்நோய் பரவியபோது சிறுபிள்ளைகள் பலர் மாண்டனர். வகுப்பில் தொற்றியது மாலையில் வீட்டுக் கைக்குழந்தையைச் சென்றடையும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் கண்டாலே தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

டிங்கிக் காய்ச்சலோ இன்னும் கொடியது. 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் அந்நோயால் 182 பேர் உயிரிழந்தனர். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள்வரை, காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் அதன் ஆபத்துக் கட்டம் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டது, பள்ளிக்குப் போ" என்று நாம் சொல்லும் நாள் அதுவாக இருக்கலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்த உறக்கம், சிறுநீர் குறைதல் இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவரை நாடுங்கள். டிங்கி என்ற ஐயமிருப்பின் ஆஸ்பிரினும் இபுபுரோபனும் கூடவே கூடா.

"வேலைக்குப் போகாமல் எப்படிப் பிழைப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு ஓடும் ஜொகூர்ப் பெற்றோரின் பாட்டை நான் அறிவேன். ஒருநாள் விடுப்பென்றால் ஒருநாள் கூலி போகும். பிள்ளை நோயுற்ற நாளில் பெற்றோருக்கு விடுப்பளிக்க மனம் வராத முதலாளிகளும் இக்குற்றத்தில் பங்காளிகளே.

ஆசிரியர்களாகிய நாம் மட்டும் தூயவர்களா? ஆண்டிறுதியில் மேடையேற்றி 'முழு வருகை விருது' கொடுக்கிறோமே, அது எதற்கு? நோயுறாமல் இருப்பது பிள்ளையின் சாதனையா? அவ்விருதுக்காகவே காய்ச்சலோடு வந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்குக் கைதட்டியும் இருக்கிறேன். இன்று அதற்காக நாணுகிறேன். அவ்விருதை நிறுத்துவோம்.

பெற்றோரே, பிள்ளையின் எடைக்கேற்ற அளவில் மருந்து கொடுங்கள், நீராகாரம் கொடுங்கள், கம்பளியால் போர்த்தாதீர்கள். மருந்தின் துணையின்றிக் காய்ச்சல் நின்று ஒருநாள் கழிந்தபின், பிள்ளை தெளிவாக இருந்தால் அனுப்புங்கள். தவறிய பாடத்தை நான் மீண்டும் நடத்துவேன். தவறிய உயிரை எவர் மீட்பார்?

சிந்திப்போம், செயல்படுவோம்.