நுரையட்டையும் ஒலிபெருக்கிப் பேழையும்

ஒலிபெருக்கி என்றவுடன் நம்மிற் பலர் நினைப்பது அதன் முகத்திற் காணும் வட்டமான தாட்கூம்பையே. காந்தமும் கம்பிச்சுருளும் கூம்பும் சேர்ந்த அவ்வுறுப்பே ஒலி முழுவதையும் பிறப்பிக்கின்றது என்றும், அதனைச் சூழ்ந்த பெட்டி தூசும் கையும் படாமற் காக்கும் வெறும் உறையே என்றும் கருதுகின்றனர். இக்கருத்துப் பொருந்தாது. ஒலிபெருக்கியிற் பாதி அதன் பெட்டியேயாம். அப்பெட்டியைக் கடைகளில் ஃபோம் போர்டு என்று விற்கும் நுரையட்டையைக் கொண்டு மாணவர் தாமே செய்துகொள்ளலாம் என்பதும், அது விளையாட்டு வேலையன்று, நம் கல்லூரிக்கு இன்று வேண்டுவதொரு வேலை என்பதும் யாம் ஈண்டுக் கூறப் புகுவன.

பெட்டி எற்றுக்கு என்பதை ஒரு சிறு சோதனையால் அறியலாம். பழைய தொலைக்காட்சியினின்று கழற்றிய ஸ்பீக்கர் ஒன்றைப் பெட்டியின்றிக் கையிற் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டை இயக்குக. தகரத்தைத் தட்டினாற்போன்ற மெலிந்த ஓசையே எழும். பின்னர் அகன்ற அட்டையொன்றின் நடுவே ஸ்பீக்கரின் வாயளவு துளையிட்டு, அத்துளையின்மேல் அதனைப் பொருத்திப் பிடிக்க. பாட்டும் அதுவே, மின்னாற்றலும் அதுவே. ஆயினும் பாடுவோர் குரல் அப்பொழுதுதான் மார்பிலிருந்து வருவதுபோல் தடித்துக் கேட்கும். காரணம் யாதோவெனின், கூம்பு முன்னோக்கித் தள்ளுங்கால் முன்புறத்துக் காற்று நெருங்குகின்றது. அதே கணத்திற் பின்புறத்துக் காற்று நெகிழ்கின்றது. இவ்விரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து கலந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்வது. ஆதலின் நொடிக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஓசையின் அலைநீளம் 3.4 மீட்டர் ஆகும். அத்துணை நீண்ட அலைக்குக் கையளவு ஸ்பீக்கரின் விளிம்பு ஒரு தடையாமோ? உயர்ந்த ஓசை மாத்திரம் தப்பி வந்து செவிக்கு எட்டுகின்றது. பின்னலையைச் சிறையிடுதற்கே பெட்டி வேண்டும்.

இன்று வழங்கும் கூம்பு ஒலிபெருக்கியின் முன்மாதிரியை அமெரிக்க நாட்டுச் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இருவர் 1925இல் வெளிப்படுத்தினர். அதற்குப்பின் வந்த பெருமாறுதல்கள் பல பெட்டியைப் பற்றியனவே. பின்னலையை அடைத்து வீணாக்காது, ஒரு குழாய்வழியே திருப்பி முன்னலைக்குத் துணையாக விடும் முறைக்கு ஆல்பர்ட் துராஸ் 1932இற் காப்புரிமை பெற்றார். 1954இல் எட்கர் வில்ச்சர் என்பார், பெட்டியைக் காற்றுப் புகாவண்ணம் அடைத்து, உள்ளே அகப்பட்ட காற்றையே கூம்பைத் தாங்கும் வில்லாக்கினார். முன்னர் அலமாரியளவு பெட்டி தந்த தாழ்ந்த ஓசையைப் புத்தக அடுக்கில் வைக்கத்தக்க பெட்டி அதன்பின் தரலாயிற்று. இவ்வில்ச்சர் பட்டம் பெற்றது கலை வரலாற்றில் என்பதைத் தமிழ் பயிலும் நண்பர்கள் குறித்துக்கொள்வாராக.

பெட்டியின் தொழிலை நம்மவர் பிழைபட உணர்தற்கு ஒரு காரணம் உண்டென்று எமக்குத் தோன்றுகின்றது. நமக்கு நெடுங்காலம் பழகிய பெட்டிகள் யாழின் பத்தரும் வீணையின் குடமுமாம். பத்தர் என்பது யாழின் ஒலியறை. பொருநராற்றுப்படை அதன் வடிவைக் குளம்பு பதிந்த சுவட்டோடு ஒப்பிடும். நரம்பு தனித்து நின்றால் அதன் ஓசை அடுத்த அறைக்கும் எட்டாது. பத்தர் அவ்வதிர்ச்சியை ஏற்றுத் தானும் அதிர்ந்து பாடுவதாலேயே இசை பிறக்கின்றது. தஞ்சை வீணைக்குப் பலாமரத்தைத் தேர்வது அம்மரம் நன்கு பாடும் என்பதனாலன்றோ? இப்பழக்கத்தால் ஒலிபெருக்கிப் பெட்டியும் நல்ல மரத்தாலாயின் இனிய நாதம் தரும் என்று எண்ணுகின்றோம். உண்மை இதற்கு நேர்மாறு. பாட வேண்டியது கூம்பு ஒன்றே. பெட்டியின் பலகை தானும் அதிருமாயின் பேசுவோர் சொல்லாத ஓசையைச் சொல்லோடு கலந்துவிடும். மெல்லிய ஒட்டுப்பலகையாற் செய்த மலிவான பெட்டிகளில் எவர் பேசினும் குடத்துக்குள் நின்று பேசுவதுபோற் கேட்பது இதனாலேயே.

இனி நுரையட்டைக்கு வருவோம். பாலிஸ்டைரீன் நுரைப்பாளம் ஒன்றின் இருபுறமும் தடித்த தாள் ஒட்டியது அது. தடிப்புப் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர். கட்டடக்கலை மாணவர் மாதிரி வீடு செய்வதும், கருத்தரங்குகளிற் படங்கள் ஒட்டி நிறுத்துவதும் இதிலேதான். சன்போர்டு என்பது வேறு. அதில் தாள் இல்லை. நுரையட்டையின் வலிமை எங்கிருந்து வருகின்றது? தாள் தனியே வளையும். நுரை தனியே முறியும். இரண்டு தாள்களையும் நுரை விலக்கி நிறுத்தும்பொழுது, ஒன்று இழுபட மற்றொன்று அமுங்கவேண்டியிருத்தலின் அட்டை எளிதில் வளைவதில்லை. இருப்புப்பாதைத் தண்டவாளத்தின் தலையும் அடியும் ஒரு மெல்லிய இடையால் விலகி நிற்பதும் இக்கருத்துப் பற்றியே. பெட்டி செய்வோர் கையாளும் எம்.டி.எஃப். பலகை 18 மில்லிமீட்டர் தடிப்புடையதாயின் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 13 கிலோ எடையுள்ளது. அறுப்பதற்கு வாளும், வாளுக்கு ஒரு பட்டறையும் வேண்டும். நுரையட்டைக்கு ஒரு கூரிய அலகும் இரும்பு அளவுகோலும் போதும். விடுதி அறையின் மேசைமேலேயே வேலையை முடிக்கலாம்.

இதன் குறையையும் மறையாது கூறல் வேண்டும். எடையற்ற சுவர் தாழ்ந்த ஓசையைத் தடுக்கமாட்டாது. முரசின் முழக்கமும் திரைப்பாட்டின் அடியோசையும் நுரையட்டைச் சுவரை ஊடுருவிப் போய்விடும். நெஞ்சை உலுக்கும் முழக்கம் விரும்புவோர்க்கு இப்பேழை பயன்படாது. அவர்கள் இக்கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் சொல்லைக் கேட்பதற்கு அம்முழக்கம் எவ்வளவு வேண்டும்? பழைய தொலைபேசி 300 முதல் 3400 வரையுள்ள அதிர்வெண்களையே கடத்திற்று. ஆடவர் குரலின் அடியோசை அதற்கும் கீழானது. இருந்தும் தந்தையின் குரலைத் தொலைபேசியில் அறியாதவர் உளரோ? விடுபட்ட அடியோசையைச் செவியே கணித்து நிரப்பிக்கொள்கின்றது. எழுத்துக்கு எழுத்து உள்ள வேறுபாடோ பெரும்பாலும் 1000க்கும் 4000க்கும் இடையிற் புலப்படுவது. தொல்காப்பியர் பிறப்பியலில், கொப்பூழிலிருந்து புறப்படும் காற்று எட்டு உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாதலை வகுத்துரைக்கின்றார். நா சிறிது வளைவதனாலும் சிறிது தடிப்பதனாலும் பிறக்கும் அந்நுண்ணிய வேறுபாட்டைக் கேட்போர் செவிவரை கொண்டு சேர்ப்பதே ஒலிபெருக்கியின் கடமை. அதனை முதலிற் கெடுப்பது மிகுந்த அடியோசையேயாம்.

நம் நாட்டுக் கல்லூரி மண்டபங்கள் உயர்ந்த கூரையும் சாந்து பூசிய வெறுஞ்சுவரும் உடையன. அவற்றுள் தாழ்ந்த ஓசை விரைவில் அடங்காது சுற்றிக்கொண்டேயிருக்கும்; முன்சொல்லின் முழக்கம் பின்சொல்லின் மெய்யெழுத்தை மூடிவிடும். மேடையின் இருபுறமும் ஆளுயரப் பெட்டிகளை நிறுத்தி நடத்தும் பட்டிமன்றத்தைக் கடைசி வரிசையிலிருந்து கேட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பேசுவோர் உழைப்பு என்றனரோ உளைப்பு என்றனரோ, எவர் அறிவார்? முன்வரிசை கைதட்டியபின் பின்வரிசையும் தட்டும், அவ்வளவே. கேட்கவில்லை என்று முறையிட்டால் இன்னும் பெரிய பெட்டி வருகின்றது, நோய் மிகுகின்றது. சிறு பேழைகள் பலவற்றைச் சுவரோரம் இடைவிட்டு மாட்டி, ஒவ்வொன்றையும் அருகிருப்போர்க்குக் கேட்குமளவே மெல்ல இயக்குவது இதினும் சிறந்த முறை. அவ்வாறாகிய சிறு பேழைக்கு நுரையட்டை போதும் என்பதே எம் கருத்து.

செய்முறையைச் சுருங்கச் சொல்வோம். முதலில் ஸ்பீக்கர். தமிழகத்தில் 2006ஆம் ஆண்டு தொடங்கி அரசினர் வீடுதோறும் வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளிற் பல இன்று காயலான் கடைகளிற் கிடக்கின்றன. படக்குழாய் பழுதாயினும் ஸ்பீக்கர் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். தொலைக்காட்சியைத் தாமே திறத்தல் கூடாது. படக்குழாயின் மின்னழுத்தம் உயிர்க்கு இடையூறு செய்யும். கழற்றி வைத்திருப்பதைக் கேட்டு வாங்குக. வாங்குமுன் கூம்பை விரல்களால் ஒருசீராக மெல்ல அழுத்திப் பார்க்கவேண்டும். உள்ளே உரசும் ஓசை எழுமாயின் கம்பிச்சுருள் கோணியது, வேண்டா. 1.5 வோல்ட் மின்கலத்தின் இரு முனைகளையும் அதன் முனைகளில் ஒரு கணம் தொடுவித்தால் ‘டொக்’ என்னும் ஓசை வரவேண்டும்.

நான்கு அங்குல ஸ்பீக்கருக்குப் பேழையின் உள்ளளவு 15, 18, 20 சென்டிமீட்டர் எனக் கொண்டால் 5400 கன சென்டிமீட்டர், அதாவது 5 லிட்டருக்குச் சற்று மிகுதி, இடம் கிடைக்கும். மூன்றளவும் ஒன்றாயிருத்தல் ஆகாது. ஒன்றாயின் உள்ளே ஒரே ஓசை மீண்டும் மீண்டும் வலுத்து நிற்கும். மூலைகளுக்கு மேல்தாளையும் நுரையையும் மாத்திரம் அறுத்துக் கீழ்த்தாளை விட்டு மடக்குவது நன்று. இணைப்புக் குறையக் காற்றுக் கசிவும் குறையும். மழுங்கிய அலகு நுரையைப் பிய்த்துவிடுமாதலின் அலகை அடிக்கடி மாற்றுக. ஸ்பீக்கரைத் தாங்கும் முகப்புக்கு மூன்று அட்டைகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டி ஓரிரவு புத்தகச் சுமையின்கீழ் வைத்தல் வேண்டும். (விடுதியிற் பெரிய நிகண்டுகளுக்கு இவ்வாறும் ஒரு பயன் உண்டு.) திருகாணி நுரையிற் பிடிக்காது; ஆகவே முகப்பின் பின்னே மெல்லிய ஒட்டுப்பலகை வளையம் ஒன்றை ஒட்டி அதிலே திருகுக. பசைக்கு ஃபெவிகால் போன்ற வெண்பசை ஏற்றது. கரைப்பான் கலந்த பசைகள் நுரையையே உருக்கித் தின்றுவிடும். எதிரெதிர்ச் சுவர்களை இணைத்து உள்ளே இரண்டொரு குறுக்குக் கட்டைகள் அந்த அட்டையிலேயே வெட்டி வைத்தால் சுவரின் அதிர்ச்சி பெரிதும் அடங்கும். மூடுமுன் இலவம்பஞ்சைத் தளர்வாக நிரப்பி, கம்பி வெளிவரும் துளையையும் பசையால் அடைத்துவிடுக. கைப்பேசியின் மின்னேற்றி தரும் 5 வோல்ட்டில் இயங்கும் சிறு பெருக்கிப் பலகைகள் மின்பொருட் கடைகளிற் கிடைக்கின்றன. அதனைப் பேழைக்கு வெளியே வைத்தல் வேண்டும். நுரை தீப்பற்றும் பொருள்.

நெகிழியை ஒழிக்கவேண்டிய காலத்தில் நுரையட்டையைப் புகழ்தல் தகுமோ என்று சிலர் வினவுவர். வினா நேரியதே. 2019ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து தமிழக அரசு தெர்மோகோல் தட்டுகளையும் கோப்பைகளையும் விலக்கியுள்ளது. நுரையட்டையின் உள்ளிருப்பதும் அவ்வினத்துப் பொருளே, மண்ணில் மக்காதது. ஆயின் யாம் புதிய அட்டை வாங்கச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் துறைக் கண்காட்சிகள் முடிந்த மாலையில் எத்தனை அட்டைகள் குப்பைமேட்டுக்குச் செல்கின்றன என்பதைக் கண்டோர் அறிவர். ஒருநாள் நின்று குப்பையாவது பல ஆண்டு பேசிக்கொண்டிருக்குமாயின் அதில் இழுக்கில்லை. மழைக்காலத்து ஈரம் தாளை உப்பச்செய்யும் என்பது மற்றொரு தடை. வண்ணமோ வார்னிஷோ நீர்கலந்த வகையாகப் பார்த்து வெளிப்புறம் இருமுறை பூசினால் அது பெரும்பாலும் நீங்கும்.

இது தமிழ் மாணவர் வேலையன்று என்பாரும் உளர். இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியற் பட்டம் பெற்ற விபுலானந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கி, நரம்பின் அளவையும் அதிர்வெண்ணையும் கணக்கிட்டு 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். கணக்கு ஒருபுறம் தமிழ் ஒருபுறம் என்று அவர் பிரித்திருப்பின் அந்நூல் எழுந்திராது.

எம் வகுப்பிற் பார்வையற்ற தோழர் இருவர் உளர். பாடநூல்களிற் பெரும்பகுதி அவர்க்கு வருவது, பிறர் படித்துக் கைப்பேசியிற் பதிந்து தரும் குரல்வழியே. மின்விசிறியின் இரைச்சலுக்கிடையே கைப்பேசியைக் காதோடு அணைத்து, ஓர் உரைப்பகுதியை மூன்றுமுறை நான்குமுறை திருப்பிக் கேட்கின்றனர். காதிற் செருகும் ஒலிக்கருவிகளை நாள்முழுதும் அணிந்தால் காது நோகின்றது. அன்றியும் அதில் ஒருவரே கேட்கலாம். மேசைமேல் ஒரு பேழை இருப்பின் நால்வர் சூழ்ந்திருந்து கேட்டு, இடையில் நிறுத்தி, பாடவேறுபாட்டை வாதிக்கலாம். வாழை என்பதும் வாளை என்பதும் செவிக்குப் பிரிந்து கேட்கவேண்டியது எவரினும் அவர்க்கன்றோ மிகுதி?

ஆதலின் கல்லூரித் தலைவர்களை யாம் வேண்டுவது பெரிதன்று. இயற்பியற் கூடத்தில் சனிக்கிழமை பிற்பகல் ஒரு மேசை; நான்கு அலகு, ஓர் இரும்பு அளவுகோல், பற்றவைக்கும் கருவி ஒன்று; துறை வேறுபாடின்றி எவரும் வந்து அமர இசைவு. முதற்பேழை விடுதியின் படிப்பறைக்கு ஆகுக. அடுத்தவை பின்வரிசைக்குக் குரல் எட்டாத வகுப்பறைகளுக்கு ஆகுக. முடிந்த பேழை ஒவ்வொன்றையும் தமிழ்த்துறையார் சோதிப்பர்: ல, ள, ழ மயங்கும் சொற்கள் ஐம்பதை ஒருவர் படிக்க, கடைசி வரிசையில் இருப்போர் எழுதுவர். அட்டைக்குக் கவலை வேண்டா. இவ்வாண்டுத் துறைக் கண்காட்சி முடியும் நாளில் அவற்றைக் குப்பைவண்டியில் ஏற்றாது ஓரறையில் அடுக்கிவைக்குமாறு காவலர்க்கு ஒரு சொல் சொன்னாற் போதும்.