கீழூர் ஒப்போலையும் தில்லியின் கையும்

ஆங்கிலேயர் 1947இல் தம் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே வெளியேறினர். புதுவையிலோ பிரெஞ்சியர் ஆட்சி மேலும் ஏழாண்டு நீடித்தது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் ஒப்போலையிட்ட சார்பாளர் 178 பேருள் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர், எண்மர் மறுத்தனர். சந்திரநாகூர் மக்கள் 1949இல் நேரே ஒப்போலையிட்டனர். புதுவை மக்களுக்கு அவ்வுரிமையும் வாய்க்கவில்லை.

இப்பகுதிகளின் தனி ஆட்சிநிலையை மாற்றுமுன் மக்கள் விருப்பம் அறியப்படும் என்றது 1956 மே 28இல் கையொப்பமான உடன்படிக்கை. நடந்ததென்ன? 1963ஆம் ஆண்டுச் சட்டம் மக்கள் தேர்ந்தெடுக்கும் முப்பதின்மர் மன்றத்தைத் தந்தது. கூடவே மூவரைத் தானே அமர்த்தும் உரிமையை நடுவணரசு வைத்துக்கொண்டது. 2017இல் புதுவை அமைச்சரவையைக் கேளாமலே மூவரை அமர்த்தியது. அது செல்லும், அவர்தம் ஒப்போலையும் செல்லும் என்றது உச்ச முறைமன்றம், 2018இல்!

கீழூரில் எண்மரின் மறுப்பும் எண்ணப்பட்டது. இன்றோ மக்கள் ஒருவரும் தேர்ந்தெடுக்காத மூவரின் கை, மக்கள் அமைத்த ஆட்சியையே கவிழ்க்க உயரலாம். இதுவா விடுதலை? ஆண்டை மாறினான், அடிமைமுறி மாறவில்லை! முழு மாநில உரிமை இரந்து பெறும் பிச்சையன்று. புதுவைத் தமிழர் எழுந்து பெறவேண்டிய உடைமை!