ஜேசிபி வராத கரிசக்காட்டுக்கு ஜோடி மாடு வருமா?

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் ஐப்பசி மழை பேஞ்சு ரெண்டு நாள் கழிச்சு ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. ஓடையோரத்துல ஒரு டிராக்டரோ, உரமூட்டை ஏத்தி வந்த மினி லாரியோ அச்சு வரைக்கும் புதைஞ்சு நிக்கும். சுத்தி நாலு பேரு நின்னு ஆளுக்கொரு யோசனை சொல்லுவாங்க. அதுல ஒருத்தர் கட்டாயம் இதைச் சொல்லுவார்: "அந்தக் காலத்துல ரெண்டு ஜோடி மாட்டைப் பூட்டுனா போதும் அண்ணாச்சி, ஒரே இழுப்புல வெளிய வந்துரும்."

இதே வசனத்தை இப்ப வீடியோவாவும் பார்க்கிறோம். அமெரிக்காவுல பனியில சிக்குன டிரக்கை ரெண்டு பெரிய குதிரை இழுக்குது. நம்மூர்ல சேத்துல சிக்குன லாரியை மாடுங்க இழுக்குது. கீழ தலைப்பு: "இயந்திரம் தோற்றது, இயற்கை ஜெயித்தது". உடனே ஒரு லட்சம் லைக். எனக்கு இந்தத் தலைப்பு மேல கொஞ்சம் கோபம் உண்டு. மாடு இழுக்காதுன்னு நான் சொல்லலை. இழுக்கும். ஏன் இழுக்குது, எவ்வளவு இழுக்குதுன்னு யாரும் பேச மாட்டேங்கிறாங்களேங்கிறதுதான் கோபம்.

முதல்ல மண்ணு. கரிசல் தண்ணியைக் குடிச்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். ஈரமா இருக்கையில டயர் பட்டைக்குள்ள புகுந்து அப்பிக்கும். அப்புறம் டயருக்குப் பிடிமானம் ஏது? வழவழன்னு உருண்டை மாதிரி சுத்தும். சுத்தச் சுத்தக் குழி ஆழமாகும், கடைசியில வண்டியோட வயிறு தரையில உக்காந்துரும். காப்பாத்த வர்ற இன்னொரு டிராக்டருக்கும் இதே கதிதான். ரெண்டு டன்னுக்கு மேல எடையோட அதே சேத்துல நின்னு அதே மாதிரி சுத்தும். ஒண்ணை இழுக்கப் போயி ரெண்டு வண்டி மாட்டிக்கிட்ட கதை நம்ம பக்கம் எல்லா ஊர்லயும் இருக்கு.

மாட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதோட குளம்பு ரெண்டாப் பிளந்தது. சேத்துல வைக்கும்போது விரியும், தூக்கும்போது ஒடுங்கும். ஒடுங்குறப்ப காத்து உள்ள போறதால கால் சுலபமா வெளிய வருது. குதிரைக்கு ஒத்தைக் குளம்பு, ஆழமான சேத்துல சப்புன்னு பிடிச்சுக்கும். முதல் உலகப் போர்ல, 1917-ல பாஷன்டேல் சேத்துல பீரங்கி இழுத்த குதிரைங்க முழுகியே செத்திருக்கு. அதுக்காக குதிரையைக் குறைச்சுச் சொல்லலை. 1941-ல ரஷ்யாவுக்குள்ள போன ஜெர்மன் படைகிட்ட 6 லட்சத்துக்கும் மேல குதிரை இருந்தது. இலையுதிர்கால மழையில லாரிங்க சேத்துல நின்னப்ப, நகர்ந்த வரைக்கும் நகர்ந்தது குதிரை வண்டிங்கதான். இன்னிக்கும் ஜெர்மனி, பெல்ஜியம் காடுகள்ல வெட்டுன மரத்தைக் குதிரை வெச்சு இழுக்கிறாங்க. கனரக இயந்திரம் உள்ள போனா மண் இறுகிப் போகும்ங்கிறது அவங்க கவலை.

சரி, நம்மகிட்ட அந்த மாதிரி குதிரை இருக்கா? கிடையாது. பெர்ச்சரான், ஷயர் எல்லாம் முக்கால் டன், ஒரு டன் எடையுள்ள ஜாதிங்க. நம்ம மார்வாரி, கத்தியவாரி சவாரிக் குதிரைங்க. ஜட்கா வண்டியும் போயாச்சு. நாடு முழுக்க 2012-ல 6 லட்சத்துக்கு மேல இருந்த குதிரை, மட்டக்குதிரை எண்ணிக்கை 2019 கணக்கெடுப்புல 3.4 லட்சமா இறங்கிருச்சு. அதனால நமக்குப் பேச்சு மாட்டைப் பத்தித்தான்.

இப்ப பலம். நல்ல காங்கேயம் எருது ஒண்ணு 500 கிலோ இருக்கும்னு வைங்க. நாள் முழுக்க இழுக்கணும்னா தன் எடையில பத்துல ஒரு பங்கு அளவு விசையிலதான் இழுக்கும். ஆனா ஒரு சில நொடிக்கு அதுபோலப் பல மடங்கு தம் கட்டும். குதிரைக்கும் அப்படித்தான். ஜேம்ஸ் வாட் கணக்குல ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆனா 1925-ல அயோவா கண்காட்சியில நடந்த இழுவைப் போட்டிக் கணக்கை வெச்சு, ஒரு குதிரை கொஞ்ச நொடிக்கு 15 குதிரைத்திறன் வரைக்கும் காட்டும்னு 1993-ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. சிக்குன வண்டிக்குத் தேவையும் அந்தச் சில நொடிதான். குழியை விட்டு மேல ஏத்திட்டா மிச்சத்தை எஞ்சினே பார்த்துக்கும்.

ஆனா அளவு இருக்கு சார். காலி டிரெய்லர், வேன், கதிரடிக்கிற மெஷின், இதெல்லாம் சரி. பத்து டன் சரக்கோட நிக்கிற லாரிக்கு ரெண்டு மாட்டைப் பூட்டுறது பலப்பரீட்சை இல்லை, கொடுமை. நாலு ஜோடி பூட்டினாலும் நாலு மடங்கு வராது, எல்லாம் ஒரே நேரத்துல தம் பிடிச்சாத்தானே! நம்ம நுகத்தடி வேற திமிலுக்கு முன்னாடி கழுத்து மேல உக்காருது, மொத்த வெட்டும் அந்த நாலு விரக்கடை இடத்துல விழும். குதிரைக்குப் போடுற கழுத்துப்பட்டை தோள் முழுக்கப் பரவி நிக்கும், அது முன்னாடி சாஞ்சு தள்ளுற மாதிரி இழுக்கும். பெங்களூரு ஐஐஎம்மோட முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி, நுகத்தடியையும் வண்டியையும் மாத்துங்கய்யான்னு வருசக்கணக்கா சொல்லிக்கிட்டு இருந்தார். ராக்கெட்டு விட்ட நாட்டுல இது யாருக்கும் பெரிய விஷயமாப் படலை. (1981-ல ஆப்பிள் செயற்கைக்கோளைச் சோதனைக்கு மாட்டுவண்டியில ஏத்தி நிறுத்தினதும் இதே நாடுதான். உலோகம் இல்லாத மேடை வேணும்னு தெரிஞ்சே செஞ்சாங்க. அந்தப் படத்தைப் போட்டு இன்னமும் ஏழை நாடுன்னு சிரிக்கிறவங்களைப் பார்த்தா எனக்குத்தான் சிரிப்பு வருது.)

சட்டமும் இருக்கு. 1965-ல வந்த இழுவை, பொதி விலங்கு விதிகள்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, இடைவெளி இல்லாம 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டுற ஊர்ல மதியம் 12-ல இருந்து 3 மணி வரைக்கும் பூட்டவே கூடாது. ஆணி வெச்ச தார்க்குச்சிக்கும் தடை. நம்ம பங்குனி, சித்திரை வெயிலுக்கு இதை எத்தனை பேரு பார்க்கிறாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

என் கட்சி இதுதான். சேத்துல சிக்குன சின்ன வண்டிக்கு மாடு நல்ல வழி. முதல்ல சரக்கை இறக்கணும். சக்கரத்துக்கு முன்னாடி மண்ணை வெட்டிச் சரிவு எடுக்கணும், கருவேலங்கிளையோ சோளத்தட்டையோ போடணும். அப்புறம் நீளமான வடத்தைக் கட்டி, மாட்டைக் காஞ்ச தரையில நிறுத்தி இழுக்கணும். இதுல பாதி வேலை மம்பட்டிக்குத்தான். வீடியோவுல அந்தப் பாதியை வெட்டிருவாங்க.

அடுத்த கேள்விதான் எல்லாத்தையும் விடப் பெருசு. மாடு எங்க இருக்கு? 2017-ல மெரினாவுல அத்தனை பேரு கூடி, சட்டத் திருத்தம் வந்து, 2023 மே மாசம் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும்னு சொல்லிருச்சு. எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அதுல பிழைச்சது வாடிவாசல்ல பாயுற காளை. காயடிச்சு, ரெண்டு மூணு வயசுல நுகத்தைப் பழக்கி, "நில்லு"ன்னா நின்னு, "ஏய்"னா ரெண்டும் ஒண்ணாத் தோள் குடுக்கிற உழவு மாட்டுக்கு யாரும் பந்தல் போடலை. ஜல்லிக்கட்டுக் காளையைக் கொண்டு வந்து லாரியில பூட்டிப் பாருங்க... நான் வரலைப்பா அந்தப் பக்கம்.

தேருக்கே இப்ப பின்னாடி புல்டோசர்தான். திருவாரூர் ஆழித்தேர் பெல் நிறுவனத்து இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக்கோட ஓடுது. முன்னாடி மக்கள் வடம் பிடிக்க, பின்னாடி புல்டோசர் தள்ளுது. அது தப்புன்னு சொல்ல மாட்டேன். யானையை விட்டு முட்டுக் குடுக்க வைக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.

எங்க பக்கத்துல இன்னும் ஜோடி வெச்சிருக்கிற பெரியவர்கிட்ட இதைப் பேசினா, ஒரே கேள்வியில முடிச்சிருவார்: "வருசத்துல பத்து நாள் வண்டி இழுக்கக் கூப்பிடுவீய. மிச்ச நாளுக்குக் கூளம் யாரு போடுவா?" ஜேசிபிக்காரன் வந்ததும் மணிக்கணக்கு போட்டுக் காசு வாங்குறான், நாமளும் பேசாமக் குடுக்கிறோம். மாட்டுக்காரர் வந்தா டீயும் வடையும் வாங்கிக் குடுத்து, "ரொம்ப உபகாரம் மாமா"ன்னு கும்பிட்டு அனுப்பிருவோம். உழவு, வண்டி, குப்பை அடிக்கிறது, இந்த இழுவை, எல்லாத்துக்கும் மெஷினுக்குக் குடுக்கிற மாதிரியே வாடகை பேசிக் குடுத்தா அந்த ஜோடி இன்னும் பத்து வருசம் தொழுவத்துல நிக்கும். இல்லேன்னா அடுத்த சந்தைக்குப் போயிரும்.

பி.கு: உங்க ஊர்ல மாட்டுக்கு மணிக்கணக்குல வாடகை குடுக்கிற வழக்கம் இருந்தா, எவ்வளவுன்னு பின்னூட்டத்துல போடுங்க. பெரியவர்கிட்ட காட்டணும்.